பிளஸ் டூ மகளின் தேர்வு பயம், வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் பிளஸ் டூ, கணிதம்-உயிரியல் பிரிவு, விருதுநகர் பக்கம். அரையாண்டில் இயற்பியல் மதிப்பெண் குறைந்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லை. தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி, வாந்தி. வினாத்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, வீட்டில் கடகடவென்று ஒப்பித்த பதில்கூட மறந்துவிடுகிறது. இப்போது திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு.

அவள் மனதில் ஓடுவது கல்லூரி சேர்க்கைக்கான கட்ஆஃப் மதிப்பெண் மட்டும்தான். பொறியியலுக்கு மொத்தம் 200, அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் இதை நோட்டில் போட்டுப் பார்த்து அழுகிறாள். இயற்பியலில் 10 மதிப்பெண் போனாலும் பாதியாகி கட்ஆஃபில் 5தானே குறையும் என்று கணக்குப் போட்டே காட்டினேன். அந்த 5க்குள் எத்தனை பேர் நிற்பார்கள் தெரியுமா அம்மா என்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்றார். மாலை டியூஷனை நிறுத்தினோம், பயம் கூடியதுதான் மிச்சம். மதிப்பெண் முக்கியமில்லை என்று சொன்னாலும் நம்பவில்லை, அதுவும் நியாயம்தான், சீட்டை முடிவு செய்வது அதுதானே. அப்புறம் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசினோம், கனிவாகப் பேசினார்கள், அவர்கள் சொன்ன மூச்சுப்பயிற்சியால் இரவில் ஓரளவு கண்மூடுகிறாள். தேர்வு அறைதான் இன்னும் சிக்கல்.

இதே நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு, வினாத்தாளை வாசிக்கத் தரும் அந்த முதல் 10 நிமிடத்தைப் பதறாமல் கடக்க எது உண்மையிலேயே உதவியது?