கல்விச் செய்திக்குத் தனி விருது தேவையா? ஆப்பிரிக்க அனுபவம் என்ன சொல்கிறது?

தாமரைக்கண்ணன்:
ஆப்பிரிக்கக் கல்வி வளர்ச்சிச் சங்கம் 2001-இல் கல்விச் செய்திகளுக்கென்றே ஓர் இதழியல் விருதைத் தொடங்கியது. பிறகு அதற்கு, கல்வித் தகவல்தொடர்புத் துறையில் உழைத்த அகின்டோலா ஃபடோயின்போவின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் தனித்தனிப் பரிசு. எனக்கு இது நல்ல காரியமாகவே படுகிறது. தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் பள்ளிக்கூடத்தை நினைக்கும் பத்திரிகைகளில், ஒரு நிருபர் பத்திரிகை ஆசிரியரிடம் போய் "இதற்கு இரண்டு வாரம் வேண்டும்" என்று கேட்க ஒரு பிடிமானம் கிடைக்கிறதே.

மாறன்:
எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சங்கம் 1988-இல் நிதி கொடுக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பாக உருவானது. இன்றும் அதில் முக்கியமாக இருப்பவர்கள் கல்வி அமைச்சர்களும் நிதி கொடுக்கும் அமைப்புகளும்தான். நிருபர் யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவர் கையாலேயே பரிசு வாங்குவதா? அப்புறம், உகாண்டாவைப் பாருங்கள். 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென்று மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது, மிச்சம் பெரும்பாலும் மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிட்டது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பத்திரிகையில் போட ஆரம்பித்த பிறகு, 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இதற்கு எந்த விருதும் தேவைப்படவில்லை.

தாமரைக்கண்ணன்:
அது அரசே கொடுத்த அறிவிப்பு, மாறன். பணம் போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்தவர்களும் ஆய்வாளர்கள்தான். அதே காலத்தில் வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன, எல்லாப் பெருமையையும் பத்திரிகைக்கே கொடுக்க முடியாது. நான் சொல்வது தோண்டி எடுக்கும் வேலை. 2019-இல் நைஜீரிய நிருபர் கிகி மோர்டியும் பிபிசி குழுவினரும் லாகோஸ், கானா பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணுக்காக மாணவிகளிடம் அத்துமீறிய விரிவுரையாளர்களை ரகசிய கேமராவில் பிடித்தார்களே, அதை எந்த அமைச்சகம் அறிவிப்பாகக் கொடுக்கும்?

மாறன்:
சரி, ஆனால் அவர்களுக்குப் பின்னால் பிபிசி இருந்தது. மலாவியில் ஒரு சிறு நகர நிருபருக்கு யார் இருக்கிறார்கள்? செய்தி வெளியான பிறகுதான் விருது வருகிறது. அவருக்குப் பணம் வேண்டியது அதற்கு முன்னால், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கு.

செல்வராணி டீச்சர்:
இரண்டு பேரும் மொழியை விட்டுவிட்டீர்கள். வடக்கு நைஜீரியாவில் மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மா கேட்பது அங்கே பேசும் ஹவுசா மொழி வானொலியை. ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தால் அது தலைநகர் அபுஜாவில் இருப்பவர்கள் காதுக்கு மட்டும்தான் போகும். 2012-இல் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் பாதி ஆண்டு ஆகியும் பாடநூல் வராத பிள்ளைகள் இருந்தார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகும் இழுத்தடித்தார்கள், இன்னொரு பக்கம் குப்பையில் கொட்டிய புத்தகங்கள் கிடைத்தன. புத்தகம் வரவில்லை என்பது அந்த ஊர்த் தாய்க்கும் தகப்பனுக்கும்தான் முதலில் தெரியும். அவர்கள் பேசும் மொழியில் வேலை செய்கிறவரை எந்த நடுவர் படிக்கப்போகிறார்?

தாமரைக்கண்ணன்:
டீச்சர் சொல்வதை ஏற்கிறேன். ஹவுசா, சுவாஹிலி, அம்ஹாரிக் வானொலிக்கும் பரிசு வேண்டும், அந்தந்த மொழி தெரிந்த நடுவர்களும் வேண்டும். ஆனால் விருதே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன்.

மாறன்:
பரிசுப் பணத்தில் பாதியைச் செய்தி சேகரிக்கும் முன்பே கொடுக்கட்டும், அமைச்சர்கள் நடுவர் குழுப் பக்கமே வராமல் இருக்கட்டும். அப்போது நானும் எதிர்க்க மாட்டேன்.