அடக்கி வைத்த கோபத்தை எப்படி இறக்குவது?

பாம்பன் தம்பி:
விசைப்படகில் வேலை. டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிக்கும்போது ஓனர் கணக்கு காட்டுவதே இல்லை. கேட்டால் ஆளை மாற்றிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறேன். ராத்திரி தாடை வலிக்கிறது, தூக்கம் இல்லை. பிள்ளை லேசாகச் சத்தம் போட்டாலும் சுள்ளென்று ஏறுகிறது. தலையணையைக் குத்து, போய்விடும் என்கிறான் கூட்டாளி. போகுமா?

தொண்டிக்காரன்:
போகாது தம்பி. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடுதலாக இருந்தது. கோபத்தில் இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும். குத்தக் குத்த உடம்பு அதே நிலையில் நிற்கும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள். அப்புறம் வீட்டுக்குள் போங்கள்.

மண்டபம் அக்கா:
மூச்சு சரி, கணக்கு என்னாவது? தம்பி, உன் கோபம் நியாயமானது. "எனக்குக் கோபம் இருக்கிறது, காரணம் இது" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல். தன்மேல் இல்லை என்று பிள்ளைக்கும் தெரியட்டும். ஓனரிடம் தனியாகப் போகாதே. கூட வரும் ஆட்களோடு சேர்ந்து, ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்பே, "டீசல் பில்லையும் மீன் விற்ற சீட்டையும் பார்த்துப் பிரிக்கலாம்" என்று நிதானமாகக் கேளுங்கள். தூக்கம் இன்னும் வரவில்லை என்றால் 14416க்குப் போன் போடு. டெலி மானஸ், அரசாங்க மனநல உதவிச் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பாம்பன் தம்பி:
டிரைவர் அண்ணனும் இதே குமுறலில்தான் இருக்கிறார் அக்கா. நாளைக்கு ஐஸ் ஏற்றும்போது அவரிடம் பேசுகிறேன்.