மூளைக்குப் போற ஆக்சிஜனை லைட் விட்டு பாக்குற டெஸ்ட் (எஃப்-நிர்ஸ்) – உக்காந்தவங்க, ஓட்டுறவங்க அனுபவம் சொல்லுங்க

வகிடுவாத்தியார்:
நான் ஒரு லேப்ல இந்த மெஷின ஓட்டுற ஆளு. தொப்பிய மாட்டினதும் வர்றவங்க கேக்குறது ரெண்டே கேள்வி, ஷாக் அடிக்குமா, நான் நினைக்கிறது தெரிஞ்சுடுமா. ரெண்டும் இல்லங்க. கொரோனா டைம்ல விரல்ல மாட்டுனோமே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதோட பங்காளிதான் இது. 760, 850 நானோமீட்டர் மாதிரி ரெண்டு அலைநீளத்துல லைட்ட மண்டைக்குள்ள விட்டு, 3 சென்டிமீட்டர் தள்ளி எவ்ளோ வெளிய வருதுன்னு பாக்குறோம், ஆக்சிஜன் ஏத்துன ஹீமோகுளோபினும் ஏத்தாததும் லைட்ட வேற வேற அளவுல உறிஞ்சும், அதுல இருந்து எது கூடுது எது குறையுதுன்னு கணக்கு போட்டுடலாம். 1977லயே அமெரிக்கால ஜாப்சிஸ்னு ஒரு விஞ்ஞானி இதுக்கு வழி காட்டிட்டாரு.

ஆனா நிஜமான வேலை எங்கன்னா முடியில. அடர்த்தியான கறுப்பு முடி லைட்ட அப்படியே முழுங்கிடும். ஒவ்வொரு ஓட்டையிலயும் காட்டன் பட்ஸ விட்டு முடிய வகுந்து, தோல் தெரிஞ்சதும் சென்சார உக்கார வைக்கணும், பின்னல் போட்ட அக்கா யாராச்சும் வந்தா டெஸ்ட விட இதுக்குத்தான் நேரம் போகும். சரியா உக்காந்துச்சுன்னா சிக்னல்ல இதயத்துடிப்பு குட்டி குட்டி அலையா ஓடும். அது இல்லன்னா அந்த இடத்து சிக்னல தூக்கிப் போட்டுடலாம்.

வலது கை விரலத் தட்டச் சொன்னா மூளையோட இடது பக்கம் ஆக்சிஜன் ஏறும், உடனே இல்ல, உச்சிக்குப் போக அஞ்சாறு செகண்ட் ஆகும். ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின் ஏறுறப்ப இல்லாதது லேசா இறங்கணும், ரெண்டும் சேந்து ஏறுனா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும்.

சென்டாய்_சேது:
நான் ஜப்பான்ல வாலன்டியரா போனேன் ப்ரோ. இங்க 2014ல இருந்து டிப்ரஷனா வேற ஏதாவதான்னு பிரிச்சுப் பாக்க உதவியா இந்த டெஸ்டுக்கு இன்ஷூரன்ஸே உண்டு. முதல்ல 'அ, இ, உ, எ, ஒ'ன்னு சும்மா சொல்லிட்டே இருக்கணும், அப்புறம் ஒரு எழுத்து குடுத்து அதுல ஆரம்பிக்கிற வார்த்தையா அடுக்கணும். எனக்கு 'கி' வந்துச்சு. கிமோனோ, கித்தே (தபால் தலை)... அவ்ளோதான், மூச்சே வரல. ஆனா நெத்திப் பக்கம் கிராஃப் ஜம்முனு ஏறியிருக்கு, எனக்கே பெருமையாப் போச்சு 😄

வகிடுவாத்தியார்:
@சென்டாய்_சேது பெருமைய கொஞ்சம் அடக்கி வைங்க 😀 திணறுறப்ப நெத்தித் தோல்லயும் ரத்த ஓட்டம் மாறும், லைட்டு அதத் தாண்டித்தானே உள்ள போகுது. இதே வார்த்தை டெஸ்ட்ல வர்ற சிக்னல்ல பெரும்பங்கு தோல் ரத்தம்தான்னு 2011ல ஜப்பான்காரங்களே எழுதியிருக்காங்க. அதனால சென்டிமீட்டருக்கும் கம்மியான தூரத்துல இன்னொரு சென்சார் வச்சு, தோலோட பங்க மட்டும் அளந்து கழிக்கணும். இதப் பண்ணாம கலர் கலரா மூளைப் படம் காட்டுனா நான் நம்பமாட்டேன்.

மதுரக்காரி:
எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் பிசியோ எடுத்த எடத்துல இத ஒரு ஆராய்ச்சிக்குப் பண்ணாங்க. ஸ்கேன் மெஷினுக்குள்ள ஆடாம படுக்கணும்ல, இதுல தொப்பியோட நடக்கலாம். நடந்துட்டே 100ல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. அப்பா மளிகைக் கடைல கணக்கு எழுதுனவரு, 93, 86, 79 வரைக்கும் சரசரன்னு வந்துச்சு, அடுத்ததுக்கு அப்படியே நின்னுட்டாரு, நின்னு 72ன்னு தெளிவா சொல்லிட்டு மறுபடி நடக்குறாரு! அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே "ஐயா, நடந்துக்கிட்டே சொல்லணும்"ங்குது, இவரு "தப்பா சொன்னா பரவால்லயாம்மா?"ங்குறாரு.

ஒரு சந்தேகம், ஞாபக மறதிக்கும் இத வச்சுப் பாக்கலாமா? அடுத்த மாசம் திரும்ப கூப்புட்டிருக்காங்க.

வகிடுவாத்தியார்:
லைட்டு மூளையோட மேல் அடுக்கு வரைக்கும்தான் எட்டும் அக்கா, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் ஆழத்துல இருக்கு, நேரா பாக்க முடியாது. மறதிக்கு நியூராலஜி டாக்டர்ட்டயே காட்டுங்க. அடுத்த மாசம் போறப்ப அப்பாவுக்கு தலைக்கு ஊத்தி, எண்ணெய் வைக்காம கூட்டிட்டுப் போங்க, அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்பிடும்.