மறு: ‘மஸ்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘நொதிசாறு’ சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒயின் செய்ய நசுக்கிய திராட்சைச் சாற்றை, தோலோடு இருந்தாலும் வடித்திருந்தாலும், ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ என்பார்கள். அதற்கு ‘நொதிசாறு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதுபற்றி மூன்று நாள்களாக வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘சாறு’ என்றாலே போதாதா? தனிச்சொல் எதற்கு?

போதாது. வீட்டில் ஒயின் செய்வோருக்காக நான் தமிழில் எழுதிய குறிப்பில் எல்லா இடத்திலும் ‘சாறு’ என்றே எழுதியிருந்தேன். இங்கே டொராண்டோவில் நண்பர் ஒருவர் அதை நம்பி, பார்பேரா திராட்சையை நசுக்கி, தோலை வடிகட்டி எறிந்துவிட்டு, சாற்றில் மட்டும் ஈஸ்ட் இட்டார். சிவப்பு ஒயினுக்குக் காத்திருந்தவருக்கு வெளிறிய இளஞ்சிவப்புதான் கிடைத்தது. கருந்திராட்சை பெரும்பாலானவற்றில் சதைக்கு நிறம் கிடையாது. நிறம் தோலில் இருக்கிறது. பிழை அவருடையது அன்று, என் சொல்லுடையது.

எந்த ஈஸ்ட் இடுவது என்பதும் தோல் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததே. நெபியோலோ என்ற இத்தாலியத் திராட்சையில் துவர்ப்பு மிகுதி, நிறமோ எளிதில் மங்கிவிடும். தூரின் பல்கலைக்கழகத்தார் இத்தாலியின் பரோலோ வட்டார நெபியோலோவிலிருந்து பிரித்தெடுத்த பிஆர்எல்97 என்ற ஈஸ்ட் நிறத்தைக் காப்பதில் பேர்பெற்றது. தோலோடு நொதிக்கவைத்தால்தான் அதன் முழு அருமை தெரியும். 23 லிட்டர் வாளியில் தோல் இல்லாமல் விற்கிற பார்பேராவில் கவலை வேறு: புளிப்பு. அதற்கு நான் 71பி என்ற ஈஸ்டை எடுப்பேன். புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். சாஞ்சோவேசே திராட்சைக்கு, புருனெல்லோ ஒயினின் ஊரான மொந்தால்சினோவிலிருந்து வந்த பிஎம்45 என்ற ஈஸ்ட் எனக்குப் பிடிக்கும். வாய் நிறைந்த சுவை தரும். ஆனால் பசி மிகுந்த ஈஸ்ட். நைட்ரஜன் ஊட்டம் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பிவிடும். தோல் உண்டா இல்லையா என்று சொல்லாமல் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

> பதநீர் இருக்கும்போது புதுச்சொல் ஏன்? ‘திராட்சைப் பதநீர்’ என்போம்.

என்னை மிகவும் யோசிக்கவைத்த மடல் இது. நொதிக்காதது பதநீர், நொதித்தது கள் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் கூர்மைதான் இங்கும் வேண்டும். ஆயினும், நொதித்துவிடக் கூடாது என்றுதானே கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? மஸ்ட் நொதிப்பதற்கென்றே எடுக்கப்படுவது. நோக்கமே எதிராக இருக்கிறது.

> ‘மட்டு’ பழைய சொல், ஒலியும் ஒத்துவருகிறது.

பழைய பாடல்களில் மட்டு என்றால் கள், அல்லது தேன். கள் ஏற்கெனவே நொதித்து முடிந்தது. இன்றைய வாசகருக்கோ ‘அளவு’ என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ஒலிக்காகப் பொருளை விட மனம் வரவில்லை.

> ‘நொதி’ என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் என்சைம் ஆயிற்றே?

ஆம். அதனால்தான் நடுவில் ‘ச்’ வரக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். ‘நொதிச்சாறு’ என்றால் என்சைம் கலந்த சாறு என்று ஆகிவிடும். ‘நொதிசாறு’ வினைத்தொகை, ஊறுகாய் போல. நொதிக்கப்போகும் சாறும் அதுவே, வாளியில் நுரைத்துக்கொண்டிருப்பதும் அதுவே. இத்தாலியர் ‘மோஸ்தோ’ என்பதும் இந்த இரண்டு நிலையையும் சேர்த்துத்தான். நொதித்து முடிந்ததையும் வினைத்தொகை சுட்டுமே என்பீர்கள், சுட்டும். அந்த நிலைக்கு ஒயின் என்ற பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

தோல் சேர்ந்திருந்தால் ‘தோல் நொதிசாறு’, பிழிந்து வடித்தது ‘வடி நொதிசாறு’. பிழிந்தபின் எஞ்சுவது சக்கை, அடியில் படிவது மண்டி. இவை இரண்டும் வீட்டுச் சொற்கள், மாற்றவே வேண்டாம். ஈஸ்டுக்கு இலங்கைப் பாடநூல் வழக்கான ‘மதுவம்’ எனக்கு உகந்ததே. ஆனால் பொட்டலம் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய சொல் ஈஸ்ட். குறிப்பில் அப்படியே விடுகிறேன்.

செப்டம்பரில் புதுத் திராட்சை வந்து இறங்கும். அதற்குள் குறிப்பைத் திருத்திவிட வேண்டும். ‘வடி நொதிசாறு’ என்று இரண்டு வினைத்தொகை அடுத்தடுத்து வருவது காதுக்கு இடறுகிறதா என்று மட்டும் இலக்கணம் அறிந்தோர் சொல்லுங்கள்.