செலரி + ரெடிஸ்: ஒரே நினைவூட்டல் எஸ்எம்எஸ் 4 தடவை போகிறது

கேள்வி:
வணக்கம். ஒரு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் புக்கிங் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். தளம் ஜாங்கோவில், வேலைகளைப் பின்னணியில் ஓட்ட செலரி, அந்த வேலைகளை வரிசையில் (க்யூவில்) வைத்துத் தரும் புரோக்கராக ரெடிஸ். முன்பு எஸ்எம்எஸ் அனுப்புவதை வியூவிலேயே (பக்கத்தைத் தரும் கோடிலேயே) வைத்திருந்தேன், கேட்வே மெதுவானால் பக்கமும் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் க்யூவுக்கு மாற்றினேன். இப்போது இரண்டு தொல்லை. புக்கிங்கை சேவ் செய்து அடுத்த வரியிலேயே, வேலையைக் க்யூவில் போடும் டிலேயைக் கூப்பிடுகிறேன், சில சமயம் அதை எடுத்து ஓட்டும் வொர்க்கரின் லாகில் 'டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று விழுகிறது, போய்ப் பார்த்தால் டேட்டாபேஸில் ரெக்கார்ட் இருக்கிறது. அடுத்தது இன்னும் மோசம். காலை 9 மணிக்கு புக் செய்த ஒரு பாட்டிக்கு மதியம் 1 மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், 4 போயிருக்கிறது. நான்கு தடவை வரணுமா என்று கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். என் லேப்டாப்பில் இரண்டுமே நடப்பதில்லை. வொர்க்கரைக் குறைத்தால் சரியாகுமா?

பதில் 1:
ஜாங்கோவில் ஆட்டமிக் ரிக்வெஸ்ட்ஸ் செட்டிங்கை ஆன் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் வியூ முடிந்த பிறகுதான் கமிட் ஆகும் (டேட்டாபேஸில் உறுதியாகப் பதியும்), வொர்க்கர் அதற்கு முன்பே வேலையை எடுத்துவிடுகிறது. டிலேயை, கமிட் ஆன பிறகே ஓடும் ஆன்-கமிட்டுக்குள் வையுங்கள். செலரி 5.4 என்றால் டிலே-ஆன்-கமிட் என்றே இருக்கிறது. அப்புறம், ஆப்ஜெக்டை அனுப்பாதீர்கள், ஐடி போதும்.

பதில் 2:
வொர்க்கரைக் குறைத்துப் பயனில்லை. 4 எஸ்எம்எஸ் என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. 4 மணி நேரம் கழித்து ஓட வேண்டிய வேலையையும் வொர்க்கர் உடனே எடுத்து மெமரியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், ஓடும்வரை அக் (வேலையை ஏற்றேன் என்ற ஒப்புகை) கொடுக்காது. ரெடிஸ் புரோக்கருக்கு விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 1 மணி நேரம். அதற்குள் அக் வரவில்லை என்றால் வேலை தொலைந்துவிட்டதென்று மறுபடி கொடுக்கும். 9, 10, 11, 12, ஆக 4 பிரதி, நான்கும் 1 மணிக்கு ஒன்றாக ஓடியிருக்கிறது. லேப்டாப்பில் அரை நிமிடம் வைத்துத்தானே பார்த்திருப்பீர்கள்? டைம்அவுட்டைக் கூட்டலாம், ஆனால் வொர்க்கர் நடுவில் செத்தால் அந்த வேலை திரும்பி வரவும் அவ்வளவு நேரமாகும். நானாக இருந்தால் நீண்ட நேரத் தள்ளிவைப்பைக் க்யூவில் விடவே மாட்டேன். அனுப்ப வேண்டிய நேரத்தை டேபிளில் எழுதுங்கள், குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பும் செலரி பீட் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து எடுக்கட்டும். எடுக்கும்போது, 'அனுப்பவில்லை' என்றிருக்கும் வரியை மட்டும் 'அனுப்பியது' என்று ஒரே அப்டேட்டில் மாற்றுங்கள், மாறிய வரி 1 என்று திரும்பினால் மட்டும் அனுப்புங்கள், கேட்வே தோற்றால் பழையபடி மாற்றிவிடுங்கள். சர்வர் எத்தனை இருந்தாலும் பீட் ஒன்றுதான் ஓட வேண்டும்.

கேட்டவர்:
ஆட்டமிக் ஆன்தான், ஆன்-கமிட் போட்டதும் அந்த எரர் நின்றுவிட்டது. நினைவூட்டலை இன்றிரவு டேபிளுக்கு மாற்றுகிறேன். மிக்க நன்றி.

பதில் 3:
மாற்றியதும் வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய கோடே ஓடிக்கொண்டிருக்கும். கேஷும் க்யூவும் ஒரே ரெடிஸிலா? மெமரி நிறைந்ததும் பழைய கீயை அழிக்கும்படி கேஷுக்காக செட் செய்திருந்தால் க்யூவில் இருக்கும் வேலையும் சேர்ந்து போய்விடும், லாகில் ஒரு வரிகூட வராது. எனக்கு இது நடந்து, கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. க்யூவுக்குத் தனி ரெடிஸ் வைத்து நோ-எவிக்ஷன் (எந்தக் கீயையும் அழிக்காதே) போடுங்கள்.