கரிக்கோலும் அடுப்புக்கரியும்

கிளிநொச்சிப் பக்கம் படித்தவர்:

தொண்ணூறுகளில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. ரோச் பற்றரி தடை செய்த சாமான்களில் ஒன்று. அதனால் உலோகம், அல்லுலோகம் பாடத்துக்கு எங்கள் விஞ்ஞான வாத்தியார் தன் சைக்கிளையே வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். அதைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ வயரை நடுவில் வெட்டி, இரண்டு நுனிக்கும் இடையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தோம். ஆணி, செம்புக் கம்பி, அலுமினியக் கரண்டி: பல்பு எரிந்தது. ஓட்டுத்துண்டு, சிரட்டை, பனை ஈர்க்கு: எரியவில்லை. கொப்பியில் இரண்டு நிரலும் அழகாக நிறைந்துகொண்டு வந்தன.

அப்போதுதான் ஒருவன் செத்த பற்றரியை உடைத்து எடுத்த கரிக்கோலை வைத்தான். பல்பு எரிந்தது! காபன் அல்லுலோகம் அல்லவா? இன்னொருவன் ஓடிப்போய் அடுப்புக்கரி கொண்டுவந்தான். அது எரியவில்லை. இரண்டும் காபன்தான்.

வாத்தியார் சிரித்துவிட்டுச் சொன்னார்: கரிக்கோலில் இருப்பது காரீயம் (கிராபைட்), நம் நாட்டில் போகலச் சுரங்கத்தில் தோண்டுகிறார்களே, அதே வகை. அதில் ஒவ்வொரு காபன் அணுவும் மூன்று அணுக்களோடுதான் கை கோக்கும். பிணைப்புக்குப் போகாத மிச்ச இலத்திரன் அப்படிக் கோத்த அணுத் தட்டு முழுக்க ஓடித் திரியும். உலோகத்திலும் இப்படி ஓடித் திரியும் இலத்திரன்தான் மின்னையும் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. அடுப்புக்கரியில் அணுக்கள் தாறுமாறாகக் கிடப்பதால் ஓட வழியில்லை.

மல்லாவி, சைக்கிள் கடைக்காரர் மகன்:

டைனமோவுக்கு ஒரு வயர்தான் வரும், கவனித்தீர்களா? மற்ற வயர் சைக்கிளின் உடம்புதான். ஒருமுறை அப்பா ஒருவருடைய சைக்கிளுக்குப் புதுப் பெயின்ற் அடித்துக் கொடுத்தார். அன்றிரவே லைற் எரியவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். டைனமோ பூட்டிய இடத்தில் பெயின்றைச் சுரண்டினோம், சரி, எரிந்தது. பெயின்ற் காவலி, மின்னைக் கடத்தாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

வவுனியா:

எனக்குத் தெரிந்தது குசினி மட்டும். அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணியில் தேத்தண்ணி ஊற்றினால் கை வைக்க ஏலாது, விளிம்பில் பிடித்து அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அதே தேத்தண்ணியைச் சிரட்டையில் ஊற்றினால் உள்ளங்கையில் ஏந்தலாம். ஆனால் உலோகம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், செம்புக்கு 400 W/m·K அளவில், எவர்சில்வருக்கு 15 அளவில்தான். எவர்சில்வர் சட்டிக்கு அடியில் செம்போ அலுமினியமோ ஒட்டுவது அதனால்தான்.

கிளிநொச்சிக்காரர் மறுபடியும்:

அப்படியென்றால் வைரத்தையும் சேருங்கள் அக்கா. அதுவும் காபன்தான். மின்னைக் கடத்தாது, வெப்பத்தை மட்டும் செம்பைவிட ஏறக்குறைய 5 மடங்கு கடத்தும். அங்கே ஓடித்திரிய இலத்திரன் இல்லை, அணுக்களின் அதிர்வே வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

வவுனியா:

என் தோட்டில் இருப்பது கண்ணாடிக்கல், தம்பி.