சத்தி இல்லாத கடற்சோர்வுக்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த ‘கடல் மயக்கம்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சத்திக்கும் ஓங்காளத்துக்கும் ‘கடற்பிணி’ ஏற்கெனவே இருக்கிறது. இப்போது சொல் தேவைப்படுவது ‘சோபைட் சிண்ட்ரோம்’ என்பதற்கு. 1976இல் கிரேபியல், நெப்டன் என்ற ஆய்வாளர்கள் விவரித்தது அது: ஆட்டத்தால் வரும் தூக்கக் கலக்கம், வேலையில் பிடிப்பின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை. சிலருக்கு இது மட்டுமே வரும்.

கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலை நினைத்துப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலம், அலை பக்கவாட்டில் வந்து உருட்டுகிறது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு மணி வரை வாட்ச்சில் நிற்பவர் இரவு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். ராடார் திரையில் ஒரு புள்ளி நெருங்குகிறது. கண் பார்க்கிறது, கை ரேடியோவுக்குப் போகவில்லை. கேட்டால் “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். சத்தி எடுப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள், இவரை யார் கவனிப்பார்?

அசைவால் வரும் நோயை அளக்கும் அளவுகோல்களிலும் இதே குறைதான். ஐந்து விநாடிக்கு ஒருமுறை, அதாவது 0.2 ஹேர்ட்ஸ் அளவில், மேலும் கீழும் அசையும்போதுதான் சத்தி அதிகம் என்று 1974இல் ஓஹான்லன், மக்கோலி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கணக்கு சத்தி எடுத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். மயக்கம் என்றால் நம் ஊரில் ஆள் சுருண்டு விழுந்ததாக அர்த்தம். லொக் புத்தகத்தில் அப்படி எழுதினால் கப்டன் டொக்டரைத்தான் கூப்பிடுவார். ‘சோம்பல்’ பழியை ஆள்மேல் போடுகிறது. உள்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததற்கு அவர் என்ன செய்வார்? ‘கடல்’ என்ற முன்னொட்டும் வேண்டாம். கிரேபியல் மெதுவாகச் சுழலும் அறையில் ஆட்களை வைத்துப் பார்த்தவர். விமானத்திலும் இது வரும்.

‘அசதி’ நல்ல சொல்தான். ஆனால் ‘அசைவசதி’ என்று சேர்த்தெழுதினால் ‘வசதி’ கண்ணில் படுகிறது. என் பரிந்துரை ‘அசைவு மந்தம்’. வயிற்று மந்தம் நினைவுக்கு வருமே என்று சிலர் கேட்கலாம். புத்தி மந்தம் என்றும் சொல்கிறோமே! முன்னால் ‘அசைவு’ நிற்கும்போது குழப்பம் வராது.

அப்புறம், ‘அசைவு நோய்’ என்ற பெருந்தலைப்பின் கீழ் இதையும் கடற்பிணியையும் தனித்தனி உள்ளீடாக வையுங்கள். ‘சத்தி நின்ற பிறகும் அசைவு மந்தம் தொடரலாம்’ என்று மாலுமிகளுக்கான பயிற்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் இதைவிட நன்றாகப் பொருந்தும் சொல் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் தாருங்கள்.